உப்பின் மேல் போட்ட பழி

ஜூன் 3, செவ்வாய்

மீன் தொட்டிக்கு உப்பு வாங்கும் வேலை இன்றிலிருந்து என் தலையில். ஐந்து வருஷமாக என் வீட்டுக்காரரே பார்த்துவந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டே, "உப்புமானில எழுத்து பொடிசா இருக்குது அம்மிணி, கண்ணு புடிக்க மாட்டேங்குது. இனி நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். உப்புமானி என்பது நான் வைத்த பெயர். ஒரு துளித் தண்ணீரை மேலே விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் சின்னக் குழல்.

இவர் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தவர். ஓய்வுபெற்ற மறுமாதம் நாலடிக் கண்ணாடித் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வடவள்ளிக்கு வந்தார். கடல் மீன் வளர்க்கப் போகிறாராம். கோயமுத்தூரில் ஏதுங்க கடல் என்றேன். "நாமளே செஞ்சுக்கலாம்" என்றார். செய்தும் காட்டினார். வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, எலுமிச்சை நிறத்தில் தட்டையாக ஒரு மீன், இரண்டு இறால், பாறையோடு ஒட்டிய காளான் பவளம். எலுமிச்சை மீனுக்கு மட்டும் மேஸ்திரி என்று பெயர். தொட்டியில் ஒருவரையும் சும்மா இருக்க விடாது.

சமையல் உப்பு இதற்கு ஆகாது. அது வெறும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் இருக்கிற விகிதத்திலேயே கலந்து வாளியில் அடைத்து விற்கிறார்கள். பிளஸ் டூ பெண்களுக்குக் காலமெல்லாம் வேதியியல் நடத்திய எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் இவர்தான்.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் முப்பத்தொன்பது. மேஸ்திரி மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் நின்றது. "நீல வாளி உப்பு சரியில்ல. நம்மளை ஏமாத்திப்போட்டாங்க" என்றார்.

உக்கடத்தில் வளர்ப்பு மீன் விற்கும் அன்வர் கடைக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். "நீல வாளி வருசக்கணக்கா ஐயா போடறதுதானுங்கம்மா, அதுல ஒண்ணும் வராதே" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிவப்பு வாளி, கால்சியம் கூடுதல், பவளம் நிறைய வைத்திருப்பவர்களுக்கு. வெள்ளைப் பை, உள்ளூரில் அடைப்பது, கரைய நேரம் பிடிக்கும், அடியில் கொஞ்சம் வண்டல் நிற்கும். சிவப்பை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

டிரம்மில் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, சின்ன மோட்டாரைப் போட்டு, சிவப்பு வாளி உப்பை அளந்து கொட்டினேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வாளியை முதலில் உருட்டிக் குலுக்க வேண்டும், கனமான தாதுக்கள் அடியில் தங்கிவிடும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் உப்பைத் தூவ வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சுழல விட வேண்டும். ஒன்றையும் விடாமல் சொன்னார். இப்படி ஞாபகமாகச் சொல்கிறவரைப் பார்த்து யார் என்ன குறை சொல்ல முடியும்?

கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய தண்ணீரை எடுத்துப் புதியதை விட்டோம். முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது. கோளாறு உப்பில்தான்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் நிவேதா பூனாவிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. தலைப்பிரசவம், முறைப்படி இங்கேதான் நடக்க வேண்டும். ரத்த அழுத்தம் கூடியிருப்பதால் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ ஆகஸ்ட் மொதல்லயே வந்துரும்மா. மூணு மாசம் இருக்கற மாதிரி வா. அப்பா சமாளிச்சுக்குவாரு, பாத்திரம் தேய்க்க வர்ற மரகதத்தையே சமைக்கச் சொல்லிக்கலாம்."

"தொட்டிய ஆரு கண்ணு பாக்கறது?" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 11, புதன்

மறுபடி முப்பத்தெட்டு. ஆறே நாளில். மேஸ்திரி உடம்பைப் பாறையில் தேய்க்கிறது.

அன்வரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் டீ வரவழைத்தார். பிறகு, "தொட்டில தண்ணி ஆவியாகி மட்டம் எறங்குமுங்களே, அப்ப மேல எதை ஊத்தறீங்க?" என்று கேட்டார். சாதா ஆர்.ஓ. தண்ணீர்தான், உப்பு எங்கே ஆவியாகிறது, தண்ணீர் மட்டும்தானே போகிறது, நான் வேதியியல் டீச்சர் என்றேன்.

"நீங்க ஊத்தறீங்களா, ஐயா ஊத்தறாங்களா?"

"அவருதான். அஞ்சு வருசமா ஊத்தறாரு."

அன்வர் என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் வெள்ளைப் பை ஒன்றை எடுத்து வைத்தார். காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 12, வியாழன்

மாடிப்படிக்கு அடியில் பிரிக்காத நீல வாளிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. தள்ளுபடியில் வாங்கியிருப்பார். ஈரம் ஏறாமல் பலகைமேல் தூக்கி வைத்தேன்.

ஜூன் 14, சனி

கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். புரை இல்லை, பிரஷர் இல்லை, பொடி எழுத்தைக்கூடப் படித்தார். "சாருக்குக் கண்ணு பிரமாதமா இருக்கு" என்றார் டாக்டர். வயசு மிகவும் குறைவு அந்த டாக்டருக்கு. அனுபவம் போதாது.

திரும்பும்போது லாலி ரோடு சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "இப்ப எந்தப் பக்கம் போகோணும்?" என்று கேட்டார். பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். ஊர் முழுக்கப் பாலம் கட்டுகிறேன் என்று தோண்டிப்போட்டிருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட வழி தெரியாதுதான். நேராக என்றேன்.

இனிமேல் ஸ்கூட்டர் வேண்டாம், பஸ்ஸில் போய்வரலாம் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். பெட்ரோல் விற்கும் விலைக்கு அதுதான் சரி.

ஜூன் 19, வியாழன்

உப்புமானி காணவில்லை. காலையிலிருந்து தேடினோம். மத்தியானம் மரகதம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் போய் அவள் பின்னால் நின்றார்.

"எங்க வெச்சிருக்கற? எடுத்துக் குடுத்துரு. போலீசுக்கெல்லாம் போகமாட்டேன்."

அவள் கையெல்லாம் சோப்போடு என்னைப் பார்த்தாள். எட்டு வருஷமாக வருகிறவள். நான், "அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். இன்னும் உரத்துச் சொல்லியிருக்கலாம். அவர் அவளுடைய பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு டிபன் டப்பா, சீப்பு, பஸ் டிக்கெட்டுகள்.

உப்புமானி ஃப்ரிட்ஜில், தக்காளித் தட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மரகதம் செருப்பை மாட்டிவிட்டிருந்தாள்.

"ஐயா நல்லவருதானுங்க்கா. எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு வேற எது காணாமப் போகுமோ. எனக்குப் பயமா இருக்குதுங்க்கா."

அவள் போனபிறகு நானே மீதிப் பாத்திரத்தைத் தேய்த்தேன். குளிர்ச்சியில் வைத்தால் கருவி கெடாது என்று வைத்திருப்பார்.

ஜூன் 22, ஞாயிறு

முப்பத்தேழு. வெள்ளைப் பையும் சரியில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நிவேதா ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு விமான டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன்.

"எதுக்கும்மா பொறுக்கோணும்?"

"தொட்டி இப்ப ஒரு நெலைக்கு வரல கண்ணு. உப்பு எதுவும் ஒத்துவர மாட்டேங்குது. நல்ல உப்பா ஒண்ணு கெடைச்சு, ஒரு மாசம் நின்னு பாத்துட்டுன்னா..."

"அம்மா. எனக்குக் கால் வீங்கிக் கெடக்குது. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. நீ உப்புங்கற."

"அவரு தனியா..."

"அப்பாவுக்கென்ன? தெனமும் பேசறாரு, நல்லாத்தான் இருக்காரு. உனக்குத்தான் வர மனசில்ல. நேராச் சொல்லு. நான் பெருசா, மீனு பெருசா?"

அவர் எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பேச்சு தன்னைப் பற்றி என்று காதில் விழுந்ததோ என்னவோ, தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"மீனுதான்னு வெச்சுக்க" என்றேன்.

வைத்துவிட்டாள்.

ஜூன் 25, புதன்

நிவேதா கூப்பிடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நான் குளித்துவிட்டு வருவதற்குள் காலி வாளியோடு கிளம்பியிருக்கிறார். பதினோரு மணி வரை பார்த்தேன், பஸ் நிறுத்தம் வரை போய்ப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். பிள்ளையார் கோயிலில் பார்த்தேன். ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அது மேஜையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றரைக்கு அன்வர் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாராம். எந்த ஊர் பஸ்ஸுக்கு என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லையாம்.

அவர் உள்ளே போய்க் கை கால் கழுவும்போது, அன்வர் வாசலில் நின்றபடி தணிவாகச் சொன்னார்: "அம்மா, தப்பா நெனைக்கப்படாது. ஐயா இந்த மாசத்துல கடைக்கு எத்தனையோ தடவ வந்துட்டாங்க. ஒவ்வொரு தடவையும் நீல வாளிதான் கேப்பாங்க. மூணு தடவ குடுத்தேன். அப்பறம் ஸ்டாக் இல்லைங்கன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டுட்டு இருந்தேன்."

"உப்பு மோசமா இருந்தா திரும்பத் திரும்பத்தானே வாங்கோணும்" என்றேன்.

"சரிங்கம்மா" என்றார். அந்த மனிதருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அவர் போனபிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் கேட்டுக்குப் பெரிய பூட்டு வாங்கினேன். சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் திருட்டுப் பயம் கூடிவிட்டது.

ஜூன் 30, திங்கள்

பூட்டை ஆட்டிப் பார்க்கிறார். "சாவி எங்க வெச்ச?" "தேடிட்டிருக்கறனுங்க." சிறிது நேரம் கழித்து மறுபடி ஆட்டுகிறார். மறுபடி கேட்கிறார். மறுபடி தேடுகிறேன். மேஜை டிராயரைத் திறந்து மூடுவது, அலமாரிமேல் கை விட்டுத் துழாவுவது எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது. கழுத்தில் தொங்குவதை முந்தானையால் மூடிக்கொண்டு தேடுகிறேன்.

காய்கறி வண்டிக்காரரிடம் கம்பி வழியாகவே கத்தரிக்காய் வாங்கினேன். அவர் கம்பிக்குள் என்னைப் பார்த்து, "என்னுங்கம்மா, வெளிய வரதில்லீங்களா?" என்றார்.

ஜூலை 2, புதன்

இன்று ஒழுங்காக ஒரு சோதனை செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மொட்டைமாடியில் மூன்று பக்கெட்டில் சம அளவு ஆர்.ஓ. தண்ணீர். ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. சமையலறைத் தராசில் ஒரே எடையாக நிறுத்தே போட்டேன். மூன்றையும் தனித்தனியாகக் கலக்கினேன். சிவப்பு சீக்கிரம் தெளிந்தது. வெள்ளை வெகுநேரம் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது.

சாயங்காலம் பார்த்தேன். நீலம் முப்பத்தைந்து. சிவப்பு முப்பத்தைந்து. வெள்ளை முப்பத்தைந்துக்கு ஒரு மயிரிழை குறைவு.

குழலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எங்காவது தவறு செய்திருப்பேன் என்று தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை செய்தேன். அதே எண்கள்.

ஆகவே மூன்றுமே நல்ல உப்பு.

ஜூலை 3, வியாழன்

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஹால் தெரியும்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார். வாளியைத் திறந்து ஒரு கப் உப்பை எடுத்து, நேராகத் தொட்டியிலேயே தூவி, மரக்கரண்டியால் மெல்லக் கலக்கினார். கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். உட்கார்ந்தார். செய்தித்தாளைப் பிரித்தார். அதே பக்கம்.

கொஞ்ச நேரத்தில் மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

பீன்ஸ் அத்தனையும் நறுக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு கவனமாக, ஒரு துகள் வெளியே சிந்தாமல், வாளியை இறுக்க மூடி. "ஏனுங்க, போட்டுட்டீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். நின்று என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பீன்ஸைத் தாளிக்கப் போனேன்.

அவர் தூங்கியபிறகு தண்ணீரை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மேஸ்திரி செத்துவிட்டது. இறால்கள் இரண்டும். கோமாளி மீன்கள் தண்ணீர்ப் பரப்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடக்கின்றன.

மேஸ்திரியைச் சின்ன வலையில் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வெளுத்துவிட்டிருந்தது. அவர் அம்மா செத்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை.

"ஆரு உப்ப மாத்துனது?" என்று கேட்டார்.

ஈர வலையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீதானே கண்ட கண்ட உப்பையும் வாங்கியாந்து கொட்டுன? செவப்புங்கற, வெள்ளைங்கற. படிச்சவதானே நீயி? ஒரு உசுரு, அம்மிணி. நீதான் கொன்னுபோட்ட."

"ஆமாங்க" என்றேன். "நான்தான். மன்னிச்சுக்கங்க."

செம்பருத்திச் செடி அடியில் குழி தோண்டினேன். கேட்டைத் திறக்காமலே போக முடிகிற இடம் அது ஒன்றுதான்.

ஜூலை 9, புதன்

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நிவேதா கூப்பிட்டிருக்கிறாள். அவர் எடுத்துப் பேசியிருக்கிறார். மத்தியானம் எனக்குக் கூப்பிட்டாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு. குரல் அப்படியே மாறியிருந்தது, காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

"அம்மா, சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு கண்ணு."

"என்னம்மா சாப்பிட்ட? ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்பா எல்லாஞ் சொல்லிட்டாரும்மா. கேட்டப் பூட்டிட்டுச் சாவிய எங்க வெச்சேன்னு தெரியாம நாள் முழுக்கத் தேடறயாமே. மரகதத்தையும் நிறுத்திட்டயாமே. எந்த உப்பு போட்டேன்னு தெரியாம மாத்தி மாத்திப் போட்டு, மேஸ்திரிகூட..." அழுதாள். "நான் எப்படியெல்லாம் பேசிட்டேன். நீ வரமாட்டேன்னதுக்குக் காரணம் இதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏம்மா எங்கிட்டச் சொல்லல? பயமா இருந்துச்சா?"

பயமாகத்தான் இருந்தது. "ஆமா கண்ணு" என்றேன். அது பொய்யில்லை.

"அப்பா பாவம்மா. தனியா எல்லாத்தையும் சமாளிச்சுட்டு இருக்காரு. அம்மாவ ஒண்ணுஞ் சொல்லிராதேன்னு எங்கிட்டக் கெஞ்சறாரு."

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அதற்கு அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். எட்டு மாதக்காரி, ரத்த அழுத்தக்காரி. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை அடுத்த வாரம். அப்பாவே கூட்டிப்போவாராம்.

ஜூலை 12, சனி

எனக்கு ராஜ உபசாரம். காபி அவர் போடுகிறார். நான் மாடி ஏறினால் பின்னாலேயே வருகிறார். "பாத்து, படி இருக்குது." கேஸை அணைத்தேனா என்று சரிபார்க்கிறார். அதை அவர்தான் திறந்து விட்டிருப்பார், நான் போய் அணைத்திருப்பேன்.

மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத அம்மிணி. உனக்கு மறந்தாலும் எனக்கு ஞாபகம் இருக்குதல்ல" என்றார்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை.

ஜூலை 18, வெள்ளி

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், அவசரமில்லாமல் பேசினார். தனக்காக என்றால் என் வீட்டுக்காரர் இந்தப் படி ஏறமாட்டார், போன வருஷத்திலிருந்து எத்தனை சாக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்காக என்றதும் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே தயாராகிவிட்டார்.

என்னை எதிரே உட்காரவைத்தார்கள். அவர் என் பக்கத்தில், என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

"இன்னைக்கு என்ன தேதிங்கம்மா?"

ஜூலை பதினெட்டு. எனக்குத் தெரியும். உடனே சொல்லவில்லை.

"பரவால்லீங்க, மெதுவா யோசிங்க. என்ன மாசம்?"

மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, பரீட்சையில் தோழிக்குச் சொல்லித்தரும் பெண் மாதிரி குசுகுசுத்தார்: "மார்ச்சு, அம்மிணி. மார்ச்சு."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது.

"நல்லாச் சொன்னீங்க சார்" என்றார். "அம்மாவுக்கு நீங்கதான் உதவி பண்ணோணும் போல. வீட்டுல ஆரெல்லாம் இருக்கீங்க?"

"நானு, இவ, பொண்ணு. பொண்ணு காலேஜுல படிக்கறா."

"ஒரு கடியாரம் வரஞ்சு காட்டறீங்களா? அம்மாவுக்குச் சொல்லித்தர்ற மாதிரி."

பம்ப்பின் குறுக்குவெட்டுப் படத்தை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வரைகிற கை. வட்டத்தை அழகாகத்தான் போட்டார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி அடுக்கிவிட்டு, மறுபாதி ஏன் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. "மொதல்ல நீங்க எடுத்துக் காட்டுங்க சார், அப்பறம் அம்மா பயப்படாம எடுத்துக்குவாங்க" என்று நர்ஸ் சொன்னதும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கதவு சாத்தியதும் டாக்டரம்மா என் தோளில் கை வைத்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உப்பிலிருந்து ஆரம்பித்து. நான் இவ்வளவு சத்தமாக அழுவேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

நிவேதாவிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையை முதலில் கூப்பிட்டு, அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

புது இடத்தில் இன்னும் தடுமாறுவார், கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவிப்பார் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு ஒரு குழந்தை, எனக்கு ஒரு குழந்தை, ஒரே வீட்டில் எப்படி என்றேன்.

"தெரியலம்மா. ஆனா நீ அங்க பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது எனக்குத் தெரிஞ்சுருச்சு. இனி என்னால தூங்க முடியாது. வாங்க."

ஜூலை 23, புதன்

மத்தியானம் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் ஒரு வைட்டமின் மாத்திரை எடுத்துக்கொண்டேன், இரண்டு பேரும் சேர்ந்து விழுங்குவது என்று ஏற்பாடு. மருந்துக் கவரை அவர் வாங்கிப் பார்த்தார். கண்தான் பிரமாதமாக இருக்கிறதே.

"சென்னியப்பன்னு போட்டிருக்குது" என்றார்.

"ஆமாங்க."

"இது என்ற பேரு."

கவரைத் திருப்பினார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். டாக்டர் சீட்டையும் எடுத்துப் படித்தார். ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிறவர் மாதிரி, ஒவ்வொரு வரியாக.

"உனக்கில்லையா? எனக்கா?"

"ஆமாங்க. உங்களுக்குத்தான்."

"அந்தச் சாவி?"

"நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கறனுங்க. நீங்க வெளிய போனா வழி தெரிய மாட்டேங்குது."

"மீனு?"

அவர் காத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது, பழைய ஆளே வந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானுங்க. போட்டது மறந்து மறந்து மறுபடி போட்டுட்டீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். தடுக்கல."

வெகுநேரம் சீட்டையே மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உன்னையத் திட்டுனனா?"

"கொஞ்சம்."

"அம்மிணி, ஒண்ணு பண்ணு. நாளைக்கு இதையும் மறந்துருவேன். மறந்துட்டன்னா மறுபடி சொல்லு. என்னைய வெச்சு நாடகம் போடாத. எனக்குத் தெரியாம எனக்கு ஒண்ணு நடக்கப்படாது."

சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டு நான் சரி என்றவை எத்தனையோ. இதைப்போலக் கஷ்டமானது எதுவுமில்லை.

ஜூலை 26, சனி

அன்வர் வந்து கோமாளி மீன்கள் இரண்டையும் பாறையோடு எடுத்துப்போனார். வீட்டில் சின்னதாக ஒரு தொட்டி வைத்திருக்கிறாராம், அதில் விடுவாராம். உப்பு வாளிகளையும் காலித் தொட்டியையும் கொடுத்துவிட்டேன். இந்த முறை டீ போட்டுக் கொடுத்தேன்.

"எந்த உப்பு பழகியிருக்குதுங்க?" என்று கேட்டார்.

"எல்லாமே" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹாலில் தொட்டி இருந்த சுவரில் நாலடிக்குப் பெயின்ட் வெளுக்காமல் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அவர் அறை வாசலில் வந்து நின்று, "ஆரு ஊருக்குப் போறாங்க?" என்றார்.

"நாம ரெண்டு பேரும். நிவேதாவுக்குக் கொழந்த பொறக்கப்போகுது."

சந்தோஷப்பட்டார். பிறகு ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மீனுக்கு ஆரு உப்புப் போடுவா?"

மரகதம் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையில் மடித்துக்கொண்டிருந்த அவருடைய சட்டையைக் கட்டில்மேல் வைத்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். மாத்திரை, சாவி, மேஸ்திரி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

முதல்முறை கேட்பவர் போலவே கேட்டார். அதே இடத்தில் முகம் மாறியது. அதே இடத்தில், "உன்னையத் திட்டுனனா?" என்றார்.

திங்களன்றும் சொன்னேன். நேற்றும் சொன்னேன். எனக்குப் பழகிவிடும் என்று நினைத்திருந்தேன். பழகவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து அந்தச் சட்டையை எடுத்து அவரே மடித்தார். ஓரம் ஓரமாகச் சேர்த்து, சுருக்கமில்லாமல். பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த சட்டைக்குக் கை நீட்டினார்.